குழந்தைப் பேற்றுக்காகச் செய்யும் லெபனான் மெக்லி: தண்ணீர் அளவும் வேகும் நேரமும் பற்றி ஐயம்

நந்தவனம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மருமகள் லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கிலுள்ள ஜஹ்லே நகரைச் சேர்ந்தவர். அடுத்த மாதம் அவருக்குப் பிரசவம். குழந்தையைப் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் மெக்லி என்னும் மசாலா மணமுள்ள அரிசி மாவு இனிப்பைச் சிறு கிண்ணங்களில் கொடுப்பது அவர்கள் வீட்டு வழக்கம். அவருடைய தாயாருக்கு இப்போது பயணம் செய்யும் உடல்நிலை இல்லை. எனவே அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன். அவர் நினைத்து ஏங்கும் சுவை அந்தக் கிண்ணத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

பல செய்முறைகளைப் படித்துப் பார்த்ததில் குழப்பம்தான் மிஞ்சியது. ஒன்றில் ஒரு கப் அரிசி மாவுக்கு ஐந்து கப் தண்ணீர் ஊற்றிப் பதினைந்து நிமிடத்தில் இறக்கச் சொல்கிறார்கள். இன்னொன்றில் பத்துக் கப் தண்ணீர், ஒரு மணி நேரத்துக்கும் மேலான கொதி. சிலர் பாலும் சேர்க்கிறார்கள். கேரவே விதை கிடைக்காவிட்டால் சீரகம் போடலாம் என்றும் ஓரிடத்தில் படித்தேன். இவற்றில் எதை நம்புவது? மேலே தூவும் பருப்புகளை எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும், எத்தனை நாள் முன்னதாகச் செய்து வைக்கலாம் என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பெய்ரூட்வாசி

வணக்கம் அம்மா. பெய்ரூட்டில் பல ஆண்டுகள் வசித்தபோது, பிள்ளை பிறந்த பல வீடுகளில் மெக்லி சாப்பிட்டிருக்கிறேன். எங்கள் அண்டை வீட்டுப் பெரியம்மா செய்யும்போது பக்கத்தில் நின்று கிளறிக் கொடுத்ததும் உண்டு. அங்கே கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் குழந்தை பிறந்தால் இதைச் செய்கிறார்கள். கிறிஸ்தவர்கள் இயேசுவின் பிறப்பை முன்னிட்டுக் கிறிஸ்துமஸ் காலத்திலும் செய்வதால், டிசம்பர் மாதத்தில் இனிப்புக் கடைகளிலும் இது கிண்ணம் கிண்ணமாக விற்பனைக்கு வரும். பழுப்பு நிற மெக்லி மண்ணையும், அதன்மேல் பரப்பும் தேங்காயும் பருப்புகளும் அந்த மண்ணிலிருந்து முளைத்து வரும் உயிரையும் குறிக்கின்றன என்று அந்தப் பெரியம்மா சொல்வார்.

முதலில் பால் பற்றிய ஐயத்தைத் தீர்த்துவிடலாம். மெக்லியில் பால் கிடையாது. பாலும் அரிசியும் சேர்த்து, ரோஜாப் பன்னீரோ ஆரஞ்சுப் பூ நீரோ கலந்து செய்யும் ரிஸ் பி ஹலீப் என்பது லெபனானில் வேறொரு இனிப்பு. மெக்லிக்கு வேண்டியவை தண்ணீர், அரிசி மாவு, சர்க்கரை, கேரவே, அனீஸ் (சோம்பு போன்ற மணமுள்ள சிறு விதை), பட்டை, இவ்வளவுதான். பாலைச் சேர்த்தால் அதன் கொழுப்பு கேரவேயின் காரமான மணத்தை மழுக்கிவிடும்; நிறமும் வெளிறிப்போகும்.

அளவைப் பொறுத்தவரை நான் பழகியது இது. 240 மில்லி கப்பில் ஒரு கப் அரிசி மாவு, அதாவது ஏறத்தாழ 160 கிராம். சர்க்கரை ஒரு கப். தண்ணீர் எட்டு முதல் ஒன்பது கப். கேரவேத் தூள் இரண்டு மேசைக்கரண்டி. அனீஸ் தூள் ஒரு மேசைக்கரண்டி. பட்டைத் தூள் ஒரு மேசைக்கரண்டி. இதில் பத்துப் பன்னிரண்டு சிறு கிண்ணங்கள் நிரம்பும். இனிப்புப் பிரியர்கள் சர்க்கரையை ஒன்றரைக் கப் வரை கூட்டுவார்கள். எனக்கு ஒரு கப்பே போதும் என்று தோன்றுகிறது. அதற்கு மேல் போனால் மசாலாவின் சுவை பின்னுக்குப் போய்விடுகிறது.

அடி கனமான பெரிய பாத்திரத்தில், அடுப்பை மூட்டும் முன்பே, அரிசி மாவையும் மசாலாத் தூள்களையும் சர்க்கரையையும் போட்டுக் கலந்துகொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீரை முதலில் சிறிதளவு ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு மீதியையும் ஊற்றுங்கள். வெந்நீரில் மாவைக் கொட்டினால் ஒவ்வொரு கட்டியின் மேற்புறமும் உடனே வெந்து மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் உலர்ந்த மாவுக்குத் தண்ணீர் போய்ச் சேராது. பின்னர் எவ்வளவு கிளறினாலும் அந்தக் கட்டிகள் கரையமாட்டா.

நடுத்தரத் தீயில் வைத்து, கொதி வரும் வரை கையை எடுக்காமல் கிளற வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் மாவு அடியில் படியும். அடி தட்டையான மரக்கரண்டி இருந்தால் பாத்திரத்தின் மூலைகளையும் தொட்டுக் கிளற முடியும். கொதி வருவதற்குக் கால் மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ ஆகும். கொதித்து, கலவை சற்றே கெட்டியானதும் தீயை நன்றாகக் குறைத்துவிடுங்கள். அதன்பின் நாற்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை அது மெல்லக் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும். இடைவிடாமல் கிளற வேண்டியதில்லை. ஆனால் ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை அடியைத் தொட்டுக் கிளறாவிட்டால் பிடித்துவிடும்.

இந்த ஒரு மணி நேரத்தைத் தயவுசெய்து சுருக்கிவிடாதீர்கள். தொடக்கத்தில் வெளிறிய சாம்பல் நிறத்தில் இருப்பது மெல்ல மெல்ல ஆழ்ந்த பழுப்பாக மாறும். பச்சை மாவின் வாடை அகலும். கேரவேயின் கசப்பு தணிந்து, மூன்று மசாலாக்களும் ஒன்றோடொன்று கலந்த ஒரே மணமாகும். பதினைந்து நிமிடத்தில் இறக்கினால் பார்வைக்குக் கெட்டியாக இருக்கலாம்; வாயில் வைத்தால் மாவு தனியாகவும் மசாலாத் தூள் தனியாகவும் தெரியும். உங்கள் மருமகள் தேடும் சுவை இந்த நீண்ட கொதியில்தான் இருக்கிறது. சர்க்கரையின் அளவிலோ பருப்பின் விலையிலோ இல்லை.

சுக்குமிளகு

மேலே சொன்ன முறை மிகச் சரியானது. மசாலாப் பொருள்களைப் பற்றி மட்டும் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மெக்லி செய்கிறவர்கள் பலர் தடுமாறுவது அங்கேதான்.

கேரவேயும் சீரகமும் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருந்தாலும் மணத்தில் இரண்டுக்கும் உறவே இல்லை. கேரவேக்கு அதன் மணத்தைத் தருவது கார்வோன் என்னும் சேர்மம். சீரகத்துக்குத் தருவது குமினால்டிஹைடு. சீரகத்தைப் போட்டால் இனிப்புக் கிண்ணத்திலிருந்து குழம்பு வாசனை வரும். ஆகவே கேரவே கிடைக்கவில்லை என்றால் சீரகம் போடுவதைவிட, கிடைக்கும் வரை காத்திருப்பதே நல்லது. ஷாஹி ஜீரா என்று விற்கப்படும் கருமையான மெல்லிய விதையும் கேரவே அன்று. அது வேறு செடியினுடையது. கேரவே விதை பழுப்பாகவும், பிறைபோல் வளைந்தும், வெளிர்நிற வரிகளோடும் இருக்கும். அரபுக் கடைகளில் கராவ்யா என்று கேட்டால் சரியானதைக் கொடுப்பார்கள்.

அனீஸ் நிலைமை வேறு. அதற்கு மணம் தருவது அனெத்தோல். அதே அனெத்தோல்தான் சோம்பிலும் அன்னாசிப் பூவிலும் முதன்மையாக இருக்கிறது. எனவே அனீஸ் அறவே கிடைக்காதபோது சோம்பைப் பொடித்துப் போட்டால் சுவை பெரிதாக விலகிப்போகாது. அன்னாசிப் பூவைப் பயன்படுத்தினால் அளவைப் பாதிக்கும் கீழே குறைத்துக்கொள்ளுங்கள். அதன் மணம் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடக்கூடியது. மாற்றுப் பொருளை அனீஸுக்கு நான் ஏற்பேன், கேரவேக்கு ஏற்கமாட்டேன்.

தூளாக விற்பதை வாங்குவதைக் காட்டிலும் முழு விதைகளை வாங்கி, வெறும் வாணலியில் சிறு தீயில் கை பொறுக்கும் சூடு வரும் அளவுக்கு மட்டும் சூடேற்றி, ஆறவிட்டு அரைப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். சிவக்க வறுக்க வேண்டாம். வறுத்த கேரவே கசக்கும். அரைத்தபின் மெல்லிய சல்லடையில் கட்டாயம் சலிக்க வேண்டும். கேரவேயின் தோல் நார்த்தன்மை கொண்டது. ஒரு மணி நேரம் கொதித்தாலும் கரடுமுரடான துகள்கள் அப்படியே இருந்து நாக்கில் மணல்போல் நெருடும்.

அரிசி மாவிலும் கவனம் வேண்டும். சாதாரணப் பச்சரிசி மாவே ஏற்றது. ஒட்டரிசி மாவு, அதாவது பசையரிசி மாவு, இதற்கு உதவாது. ஆறும்போது கூழை உறையவைப்பது மாவுப்பொருளிலுள்ள அமிலோஸ். பசையரிசியில் அது ஏறக்குறைய இல்லை. எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் அது இழுபடும் பசையாகவே நிற்கும், கிண்ணத்தில் உறையாது. லெபனானில் சில வீடுகளில் மாவைச் சற்றுக் கரகரப்பாக அரைத்துக்கொள்வதும் உண்டு. முதன்முறை செய்கிறவர்களுக்கு மென்மாவே எளிது.

வெண்கலப்பானை

பெய்ரூட்வாசி ஐயா சொன்னதில் ஓரிடத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். சர்க்கரையை முதலிலேயே போடாமல் கலவை கொதித்துக் கெட்டியான பின் சேர்ப்பது என் வழக்கம். சர்க்கரை தண்ணீரைத் தன்பால் பிடித்து வைத்துக்கொள்வதால் மாவு வீங்கி வேகத் தாமதமாகும் என்பது ஒரு காரணம். கூடவே, தொடக்கத்திலேயே சர்க்கரை இருந்தால் அடிப்பிடிக்கும் வாய்ப்பும் அதிகம்.

தண்ணீர் அளவில் உங்களுக்கு ஏற்பட்ட குழப்பத்துக்கும் ஒரு விளக்கம் உண்டு, அம்மா. ஐந்து கப் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் கலவை அடுப்பிலேயே கெட்டியாகிவிட்டதைப் பார்த்து வெந்துவிட்டது என்று முடிவு செய்கிறார்கள். அரிசி மாவு ஏறத்தாழ எழுபது, எண்பது டிகிரி செல்சியஸிலேயே கெட்டியாகத் தொடங்கிவிடும். ஆனால் கெட்டியாவதும் வேகுவதும் ஒன்றல்ல. குறைந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட முடியாது, கருகிவிடும். நீண்ட நேரம் கொதிக்க இடம் கொடுப்பதற்காகத்தான் அவ்வளவு தண்ணீர். பத்துக் கப் ஊற்றுகிறவர்கள் இன்னும் கூடுதலான நேரம் கொதிக்கவிடுகிறார்கள் அல்லது அகலமான பாத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே எட்டும் பத்தும் ஒன்றுக்கொன்று முரணல்ல. ஐந்துதான் விலக்க வேண்டியது.

பதத்தை அடுப்பில் இருக்கும்போதே அறிவதற்கு, ஒரு சிறு தட்டைக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, அதில் ஒரு கரண்டி கலவையை விட்டு, இரண்டு நிமிடம் கழித்துச் சாய்த்துப் பாருங்கள். ஓடாமல் மெல்ல நடுங்கி நின்றால் இறக்கலாம். அடுப்பில் இருக்கும் கலவை அப்போது ஊற்றக்கூடிய பதத்தில்தான் இருக்கும்; கிண்ணத்தில் ஆறும்போதுதான் முழுமையாக உறையும். அடுப்பிலேயே உறைந்த பதத்துக்குக் கொண்டுபோனால், ஆறியபின் கத்தியால் வெட்ட வேண்டிய கட்டியாகிவிடும்.

பெய்ரூட்வாசி

வெண்கலப்பானை சொன்ன சர்க்கரை விளக்கம் உண்மையே. ஆனால் எட்டு ஒன்பது கப் தண்ணீரில் ஒரு கப் சர்க்கரை மிகவும் நீர்த்துப்போகிறது. மாவு வேகுவதில் அதனால் ஏற்படும் தாமதம் சிறிது. அதன்பின் ஒரு மணி நேரக் கொதியும் இருக்கிறது. நான் பார்த்த வீடுகளில் எல்லாவற்றையும் முதலிலேயே கலந்துவிடுவார்கள். இருந்தாலும் அடிப்பிடிப்பதைப் பற்றிய எச்சரிக்கை நியாயமானது. மெல்லிய அடியுள்ள பாத்திரம்தான் இருக்கிறது என்றால் அவர் சொன்னபடி சர்க்கரையைப் பின்னர் சேருங்கள்.

ஒருவேளை அடிப்பிடித்துவிட்டால் அதைச் சுரண்ட வேண்டாம். கரண்டியை அடியில் படவிடாமல், மேலே இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு ஊற்றித் தொடருங்கள். கருகியதைச் சுரண்டிக் கலந்துவிட்டால் அந்த வாடையை எந்த மசாலாவாலும் மறைக்க முடியாது.

நந்தவனம்

இவ்வளவு பொறுமையாக விளக்கியதற்கு உங்கள் மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ஐந்து கப்பா பத்துக் கப்பா என்ற குழப்பம் இப்போது முற்றிலும் நீங்கியது. இன்னும் சில ஐயங்கள் இருக்கின்றன. முப்பது பேராவது வருவார்கள் என்று மகன் சொல்கிறான். ஒரே பாத்திரத்தில் மூன்று மடங்காகச் செய்யலாமா? கிளறும் சிரமத்தைக் குறைக்கப் பிரஷர் குக்கரில் வைக்கலாமா? மருமகளுக்குக் கர்ப்ப காலத்தில் சர்க்கரை அளவு கூடியிருந்ததால் இனிப்பைக் குறைக்கலாமா என்றும் அறிய விரும்புகிறேன். மெக்லி சாப்பிட்டால் தாய்ப்பால் நன்றாகச் சுரக்கும் என்று அவர் சொல்கிறார், அது உண்மைதானா?

வெண்கலப்பானை

மூன்று மடங்கை ஒரே பாத்திரத்தில் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. அவ்வளவு ஆழமான கலவையில் கரண்டியால் அடியைத் தொட்டுக் கிளறுவது கடினம். ஆவியாகிப் போகும் தண்ணீரும் மூன்று மடங்காகாது. அது பாத்திரத்தின் வாயகலத்தைப் பொறுத்தது. அதே விகிதத்தில் தண்ணீர் ஊற்றினால் வற்றுவதற்கு நெடுநேரம் ஆகும். இரண்டு அடுப்பில் இரண்டு பாத்திரங்களாக, ஒவ்வொன்றிலும் ஒன்றரை மடங்கு செய்யுங்கள். அப்போது ஒரு பாத்திரத்துக்குப் பன்னிரண்டு கப் தண்ணீரில் தொடங்குவது பொருத்தமாக இருக்கும். இன்னொருவர் உடன் நின்றால் இரண்டையும் மாறி மாறிக் கிளறலாம்.

பிரஷர் குக்கரில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. கெட்டியான மாவுக் கலவை பொங்கி எழுந்து ஆவி வெளியேறும் துளையை அடைத்துவிடக்கூடும். மூடியிருக்கும்போது அடியைக் கிளறவும் வழியில்லை. சிரமத்தைக் குறைக்க வேண்டுமானால் அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு தடித்த இரும்புத் தகட்டை வைத்து, சூடு பரவலாக ஏறும்படி செய்யலாம்.

சர்க்கரையைத் தாராளமாகக் குறைக்கலாம். மெக்லியை உறையவைப்பது அரிசி மாவே. சர்க்கரை பாதியானாலும் அது உறையும். ஆனால் அரிசி மாவும் இரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடியது என்பதால், மருமகளுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுக்குமிளகு

தாய்ப்பால் பற்றிய நம்பிக்கை லெபனானில் மிகப் பரவலானது. கேரவேயும் அனீஸும் பால் சுரப்பைக் கூட்டும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். மருத்துவ ஆய்வுகள் அதை உறுதியாக நிறுவிவிடவில்லை. பால் குறைவு என்று தோன்றினால் மருத்துவரையோ தாய்ப்பால் ஆலோசகரையோ பார்ப்பதுதான் வழி. ஊரை விட்டு வந்த ஒரு பெண்ணுக்குப் பிள்ளைப் பேற்றின்போது தன் வீட்டு இனிப்பு கிடைப்பதே ஒரு பெரிய ஆறுதல். அதற்காகவே இதைச் செய்யலாம்.

பருப்புகளைப் பற்றி இதுவரை யாரும் சொல்லவில்லை. மெக்லிக்கு மேலே வருபவை தோல் நீக்கிய பாதாம், அக்ரூட், பைன் கொட்டை; சிலர் பிஸ்தாவும் சேர்ப்பார்கள். இவை வறுத்தவையாக இருக்கக் கூடாது, ஊறியவையாக இருக்க வேண்டும். மென்மையான மெக்லியின்மேல், கடித்தால் புதிதாகப் பறித்த பருப்பைப் போல் நறுக்கென்று உடைந்து ஈரம் கசிகிற அந்தத் தன்மைதான் இதன் சிறப்பு. முந்தைய நாள் இரவே, ஒவ்வொரு வகையையும் தனித்தனிக் கிண்ணத்தில் குளிர்ந்த நீரில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். அக்ரூட்டின் தோல் தண்ணீரைக் கறுப்பாக்கும். அதை மற்றவற்றோடு சேர்த்து ஊறவைத்தால் பாதாமும் நிறம் மாறும். அக்ரூட்டின் தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றினால் கசப்பும் குறையும். பைன் கொட்டைக்கு ஒரு மணி நேரமே போதும். பாதாமை வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்துத் தோலை உரித்துவிட்டு ஊறவைத்தால் காலையில் வெண்மையாக இருக்கும்.

பரிமாறுவதற்குச் சற்று முன்பு, முதலில் உலர்ந்த தேங்காய்த் துருவலை மேற்பரப்பு மறையும் அளவுக்குத் தூவி, அதன்மேல் ஈரம் துடைத்த பருப்புகளை அடுக்க வேண்டும். முன்கூட்டியே அடுக்கி வைத்தால் தேங்காய் நீரை உறிஞ்சிச் சொதசொதப்பாகிவிடும். வருகிறவர்களில் பருப்பு ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கக்கூடும். சில கிண்ணங்களைத் தேங்காய் மட்டும் தூவித் தனித் தட்டில் வைத்துவிடுங்கள்.

பெய்ரூட்வாசி

எத்தனை நாள் முன்னதாகச் செய்யலாம் என்று முதலில் கேட்டிருந்தீர்கள். பாலில்லாத இனிப்பாக இருந்தாலும் வெந்த அரிசி மாவை வெளியே நெடுநேரம் விடுவது பாதுகாப்பானதன்று. சூடாக இருக்கும்போதே கிண்ணங்களில் ஊற்றி, சற்று ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். நன்றாக மூடி வைத்தால் நான்கு நாள் வரை தாங்கும். பிரசவ நாளை முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால், மசாலாவை அரைத்துச் சலித்து, மாவோடும் சர்க்கரையோடும் அளவாகக் கலந்து, காற்றுப் புகாத டப்பாவில் இப்போதே தயாராக வைத்திருப்பது நல்லது. மருத்துவமனையிலிருந்து தாயும் சேயும் வீடு திரும்பும் நாள் தெரிந்ததும், தண்ணீர் ஊற்றிக் கிளறுவது மட்டுமே மீதியிருக்கும்.

கிண்ணங்களில் ஊற்றும்போது கலவை நல்ல சூட்டோடு இருக்கட்டும். பாதி ஆறியபின் ஊற்றினால் மேற்பரப்பு வழவழப்பாக அமையாது. ஊற்றியபின் கிண்ணத்தை அசைக்கவோ கரண்டியால் சமப்படுத்தவோ வேண்டாம். உறையத் தொடங்கிய கூழைக் கலைத்தால் பின்னர் ஓரங்களில் நீர் பிரிந்து நிற்கும். குளிரக் குளிர மேலே மெல்லிய ஆடை படிந்து, சில நேரம் விரிசலும் விடும். எல்லா வீடுகளிலும் அப்படித்தான் ஆகும். தேங்காய்த் துருவல் அதை மூடிவிடும்.

நந்தவனம்

மாவையும் மசாலாவையும் இப்போதே கலந்து வைப்பது எனக்குத் தோன்றாத வழி. மிக்க நன்றி, ஐயா. கேரவேயும் அனீஸும் வாங்கி இந்த வாரமே அரைத்துச் சலித்து வைத்துவிடுகிறேன். குழந்தை வருவதற்கு முன்பு அரை அளவில் ஒருமுறை செய்து, மருமகளிடம் சர்க்கரை குறைவான ஒரு சிறு கிண்ணத்தைக் கொடுத்து, மசாலா அளவு அவர்கள் வீட்டுச் சுவைக்குச் சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வேன். கேரவேயைக் கூட்டவோ குறைக்கவோ சொன்னால் டப்பாவில் இருக்கும் கலவையைத் திருத்திக்கொள்ளலாம் அல்லவா?

சுக்குமிளகு

தாராளமாகத் திருத்தலாம். கேரவே, அனீஸ், பட்டை மூன்றுக்கும் இரண்டுக்கு ஒன்று ஒன்று என்ற விகிதம் பொதுவானதே தவிர, வீட்டுக்கு வீடு மாறும். பட்டையைக் கூட்டுகிறவர்களும் உண்டு. அரை அளவில் செய்து பார்க்கும்போது தண்ணீர் விரைவாக வற்றும் என்பதை நினைவில் வையுங்கள். ஐந்து கப்பில் தொடங்கி, சிறிய பாத்திரத்தில், மிகக் குறைந்த தீயில் கொதிக்கவிடுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு முன்பே கெட்டியாகிவிட்டால் கொதிநீரைச் சிறிது சேர்த்துக் கலந்து, அந்த நேரம் முழுவதும் வேகவிட்டு இறக்குங்கள்.